தலையில் காய்க்கிற வெங்காயம்

இளவாலையில் வெங்காயம் நட்ட தறைக்குள் பூத்தண்டு எழும்பினால் தோட்டக்காரன் காலைத் தேத்தண்ணியை மறந்துவிடுவான். பாத்தி பாத்தியாகக் குனிந்து போய்த் தண்டுகளை முறித்து முடித்த பிறகுதான் நிமிர்வான். பூவுக்குப் போகிற சாரம் கிழங்குக்குப் போகாது. தாள் சாய்ந்தால் கிழங்கைக் கிண்டி எடுத்துவிட வேண்டும். சாய்ந்த தாளில் ஒரு மழை பிடித்தால் போதும், தறையோடு அழுகிப்போகும். அல்பேட் இந்த இரண்டையும் ஞானஸ்நானத்துக்கு அடுத்ததாகப் பெற்றுக்கொண்டவர். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் அவர் கனடாவில் வந்து இறங்கியபோது தோட்டம் ஆமிக்காம்புக்குள் போயிருந்தது. இளைய மகள் பேர்ணடெற் மண்ணுக்குள் போயிருந்தாள்.

அவருக்கு ஸ்பொன்சர் செய்தவள் மொன்றியலில் இருந்த மூத்த மகள் கிளடிஸ். விசா வரும்வரை கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தார். அந்த வருசத் தை மாதம், கனடாவிலேயே இருந்த பேர்ணடெற் வேலையிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். பின்னேரம் உயிர் போய்விட்டது. விசா அதற்குப் பிறகும் ஆறுதலாக, மாதக்கணக்கில் கழித்துத்தான் வந்தது.

மொன்றியலில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, சின்னவள் இருந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கிளடிஸ் பஸ்ஸில் கூட்டிவந்து மில்லிக்கன் என்கிற இடத்தில் அந்த வீட்டு வாசலில் விட்டாள். ஒரு கிழமைக்கென்று வந்தவர்.

கதவைத் திறந்தவன் றெமிஜியஸ், பேர்ணடெற்றின் புருசன். முப்பத்தொரு வயது. இங்கே கொலிஜ் படித்து, மார்க்கம் நகரத்தில் ஒரு கொம்பனியில் எலெக்ரோனிக் சேர்க்கிற் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. பாசையூர்க் கடற்கரையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. அவர்களுடைய கல்யாணத்துக்கு இளவாலையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. "பாசையூர்ப் பொடியனோ?" என்று கேட்டுவிட்டு அல்பேட் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார் என்று கிளடிஸ்தான் பிறகு சொன்னாள். மாமனும் மருமகனும் முகத்தைப் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

கிளடிஸ் தேத்தண்ணி போட உள்ளே போனாள். அல்பேட் செற்றியின் நுனியில் இருந்துகொண்டு முதல் கேட்ட கேள்வி:

"என்ன மண் தம்பி?"

றெமிஜியஸுக்கு விளங்கவில்லை.

"பிள்ளையை வைச்ச இடம். என்ன மண்?"

"களி மாதிரி மாமா."

"தை மாசம் இஞ்சை ஐஸ் எல்லே. எப்பிடிக் கிண்டினவங்கள்?"

"மெசினாலை."

அல்பேட் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "மண்வெட்டி இறங்காத இடத்திலை பிள்ளையை வைச்சிருக்கிறியள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அந்தச் செமெற்றிக்கு நான் வரமாட்டன். என்னைக் கேளாதேயும்."

கிளடிஸ் தேத்தண்ணியோடு வந்து, "அப்பு, செமெற்றிக்குப் போட்டு வந்து ஆறுதலாகக் குடிப்பமே?" என்று கேட்டாள். அவர் கோப்பையை வாங்கிக் குடித்தார்.

கிழமை முடிந்தது. கிளடிஸ் ரெலிபோனில் கூப்பிட்டாள். இன்னும் ஒரு கிழமை என்றார். அதுவும் முடிந்தது. மருமகன் வேலைக்குப் போனதும் அவர் சமைத்தார், வீடு கூட்டினார், பேர்ணடெற்றின் படத்துக்கு முன்னால் செபமாலை சொன்னார். மிச்ச நேரம் குசினி யன்னலால் பின்வளவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்வளவில், வேலிக்கரையில், ஒரு பாத்தி வெங்காயம் நின்றது.

பேர்ணடெற் வைத்தது. அவளோடு சான்ட்விச் பொதி செய்கிற இடத்தில் வேலைசெய்த போலந்துக்காரி ஒருத்தி, பாண் பையில் ஒரு பிடி குட்டி வெங்காயம் கொடுத்துவிட்டிருந்தாள். நெல்லிக்காயளவு, சிவப்பு. "இது மண்ணுக்கை விளைஞ்சதில்லையாம். தண்டின்ரை நுனியிலை காய்ச்சதாம்" என்று புருசனிடம் சொல்லிப் பேர்ணடெற் சிரித்தாள். "எனக்கு வெங்காயக் கதை சொல்ல வந்திருக்கிறாள், பாருங்கோ." ஆனாலும் வைத்தாள். பனிக்காலம் முழுக்க அது பனிக்குக் கீழே கிடந்தது. சித்திரையில் வேறொன்றும் தலைகாட்டாத நேரம் பச்சைக் குழலாக எழும்பி நின்றது. அவள் நைற்றியோடும் றெமிஜியஸின் சப்பாத்தோடும் வெளியே ஓடிப்போய்க் குந்திக்கொண்டு இருந்தாள்; உள்ளே வந்து சேற்றுக் கையைக் கழுவாமலே தேத்தண்ணி குடித்தாள். ஆனி முடிய, தண்டின் உச்சியில் கொத்தாகக் குட்டி வெங்காயம் பிடித்தது. சில குட்டிகள் அங்கேயே, ஆகாயத்தில் நின்றபடியே, முளையும் விட்டன. பிறகு பாரம் தாங்காமல் தண்டு சாய்ந்து, தலை போய் விழுந்த இடத்தில் வேர் பிடித்தது. அடுத்த வருசம் அங்கே ஒரு புதுச்செடி.

"நடக்குதப்பா இது" என்றாள். "பிடுங்கவும் தேவையில்லை, விதைக்கவும் தேவையில்லை. தன்ரை பாட்டிலை எட்டு வைச்சு நடக்குது. அப்பு கண்டால் நம்பமாட்டார். அவர் வந்தால் முதல் வேலையா இதைத்தான் காட்டுவன். வாயைப் பிளந்துகொண்டு நிப்பார், பாருங்கோ."

றெமிஜியஸ் கடற்கரையான். வெங்காயம் நிலத்துக்குக் கீழே காய்த்தாலென்ன, மேலே காய்த்தாலென்ன, அவனுக்கு ஒன்றுதான். அவன் பார்த்தது அவளுடைய முகத்தை.

இப்போது மாமன் யன்னலடியில் நின்று கேட்டார்: "வெங்காயம் எல்லாம் பூவுக்குப் போட்டுது தம்பி. பாக்கிறேல்லையே?"

"அது அப்பிடித்தான் மாமா."

"அப்பிடித்தான் எண்டால்?"

"அப்பிடித்தான்."

சொல்ல வேண்டியது அவ்வளவும் வாய்வரைக்கும் வந்தது. பேர்ணடெற் என்கிற பெயரை அவன் தை மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னதில்லை. பெயரைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல வழியிருக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஆவணி கடைசியில் மழை மூட்டம் போட்டது. தண்டுகள் மஞ்சளித்துச் சாயத் தொடங்கியிருந்தன.

அன்றைக்கு றெமிஜியஸ் வேலையால் வந்து கதவைத் திறக்கவே கருவாட்டுக் குழம்பு மணத்தது. பாரைக் கருவாடு, முழு வெங்காயம் போட்டு, பழப்புளி விட்டு இறக்கியது. மேசையில் சோறு ஆவி பறக்க இருந்தது. அல்பேட் குளித்து, உடுத்த சாரத்தை மாற்றி, கன நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவோடு நின்றார்.

"இரும், இரும். ஆறமுதல் சாப்பிடும்."

சாப்பிட்டான். பல மாதங்களுக்குப் பிறகு நாக்கில் உப்பும் புளியும் உறைப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. வெங்காயம் பல்லுக்குள் நெரிந்து காரமாக வந்தது. இன்னும் ஒரு கரண்டி விட்டான்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு மாமா. வெங்காயம் எங்கை வாங்கினனீங்கள்?"

"வாங்கிறதோ? நல்ல கதை. பின்னாலை கிண்டினது."

றெமிஜியஸின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது.

"மழை வருது பாரும். தாளும் சாய்ஞ்சிட்டுது. எத்தினை நாளைக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறது? விடியக் கிண்டிப்போட்டன். ஆனால் தம்பி, கிழங்கே வைக்கேல்லை. எல்லாச் சாரமும் பூவுக்குப் போட்டுது. நான் வந்த அண்டைக்கே முறிச்சிருந்தால் ஒரு பிடி கட்டித் தூக்கியிருக்கலாம். உமக்குச் சொன்னன், நீர் அப்பிடித்தான் எண்டுபோட்டுப் போட்டீர். கடலிலை வெங்காயம் விளையிறேல்லைத்தானே, உமக்கென்ன தெரியும்?" என்று சிரித்தார். அவர் சிரித்ததை அவன் முதல்முறையாகப் பார்த்தான்.

"தலையெல்லாம்?"

"என்ன தலை?"

"மேலை இருந்தது மாமா. உச்சியிலை. குட்டி குட்டியா."

"ஓ, அந்தச் சனியனோ? செடிக்கு வாற ஒரு நோய் வருத்தம் உது. நான் என்ரை ஆயுசிலை கண்டதில்லை. பூவுக்குப் பதிலா முடிச்சு முடிச்சா வீங்கிக் கிடக்கு. மற்றச் செடிக்கும் பிடிச்சிடும் எண்டு எல்லாத்தையும் முறிச்சு, கறுத்தப் பைக்குள்ளை போட்டு, ரோட்டிலை வைச்சிட்டன். நாரிப்பிடிப்போடை குனிஞ்சு தூக்கேலாது, இழுத்துக்கொண்டுதான் போனனான். இண்டைக்குக் குப்பை நாள்தானே."

றெமிஜியஸ் எழுந்து, கைகூடக் கழுவாமல் வெளியே போனான். ரோட்டுக்கரை துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தான். மண்வெட்டியால் கொத்தி, கட்டி உடைத்து, வேர் பொறுக்கி, வரம்பு கட்டி, பாத்தி அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு தும்புகூட மிச்சமில்லை. இளவாலைத் தோட்டக்காரன் கை வைத்த நிலம்.

திரும்பி வந்து வாசலில் நின்றான்.

"அது அவள் வைச்சது."

"அவள் வைச்சதெண்டு தெரியாமலோ கிண்டினனான்?" அல்பேட்டின் குரல் உயர்ந்தது. "என்ரை பிள்ளை வைச்ச வெங்காயத்தை மழையிலை அழுகவிடச் சொல்லுறீரோ? உம்மாலை ஏலாட்டில் என்னாலை ஏலும். அதுக்குத்தான் கிண்டினனான்!"

"அது வருத்தமில்லை மாமா. அந்த இனம் தலையிலைதான் காய்க்கிறது. சாய்ஞ்சு விழுந்து தானா முளைக்கும். கிண்டத் தேவையில்லை." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்குக் காட்ட வேணுமெண்டுதான் வைச்சிருந்தவள். அப்பு வந்தால் முதல் இதைத்தான் காட்டுவன் எண்டு. பேர்ணடெற்."

பெயர் வந்துவிட்டது.

அல்பேட் தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். அதில் பாதி தின்ற வெங்காயம் ஒன்று கிடந்தது. "தலையிலை காய்க்கிற வெங்காயம் எண்டு ஒண்டு இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "ஏன் சொல்லேல்லை?" என்றார்.

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினார். கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வீட்டுக்குள் ஒருவர் நடக்க மற்றவர் விலகிக்கொண்டார்கள். கிளடிஸ் எடுத்தால் அல்பேட் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். ரெலிபோனைக் காதில் வைத்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

"அப்பு, போதும். பஸ் ரிக்கற் போடுறன். அந்தப் பொடியனையும் கொஞ்சம் மூச்சுவிட விடுங்கோ."

"நான் அவன்ரை மூக்கையோ பொத்திக்கொண்டு இருக்கிறன்?"

"அங்கை இருந்து என்ன செய்யிறியள், சொல்லுங்கோ பாப்பம்?"

"சமைக்கிறன்."

"இஞ்சை வந்து எனக்குச் சமையுங்கோவன்."

"உனக்குப் புருசன் இருக்கிறான். சமைப்பான். வை போனை."

"செமெற்றிக்கு ஒருக்கால் போட்டு வாங்கோ அப்பு. பாத்திட்டு வெளிக்கிடுங்கோ. அவளைப் பாக்காமல் எப்பிடி வருவியள்?"

அதோடு அவர் போனை வைத்துவிடுவார். றெமிஜியஸ் மேலே அறையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பான். அவர் போய்விட்டால் வீட்டில் யாரும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும்; இருந்துவிடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. அந்த வருசம் அவன் புல்லே வெட்டவில்லை. முழங்காலுக்கு வளர்ந்து, பழுத்து, படுத்தது. அடுத்த வீட்டுச் சீனாக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுப் போனார். அதன்மேல் பனி விழுந்தது.

தை மாதம் பேர்ணடெற்றின் முதலாம் ஆண்டுத் திருப்பலி. அல்பேட் கிளடிஸ் அனுப்பிய கம்பளிக் கோட்டுக்குள் புதைந்து கோயிலுக்கு வந்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது காற்று காதை அறுத்தது. றெமிஜியஸ் கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"மாமா, இண்டைக்காவது."

அவர் நடைபாதையின் ஓரத்தில், பனி தள்ளிய இடத்தில் தெரிந்த வெறும் நிலத்தில், குதிக்காலால் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"கேட்டீரே சத்தம்? இரும்பு. இதுக்குள்ளை என்ன கிடந்தாலும் கிடந்ததுதான் தம்பி. நீர் போட்டு வாரும். நான் உள்ளை இருக்கிறன்."

அவன் தனியே போனான். கல்லறையில் பெயரை மூடிக் கிடந்த பனியைக் கையுறையால் தட்டிவிட்டான். நிற்க முடியாத குளிர். திரும்பி வந்தபோது அல்பேட் வெறுங்கோயிலில் கடைசி மர வாங்கில் கோட்டோடு இருந்தார்.

மாசி, பங்குனி. பனி உருகி, திரும்பவும் கொட்டி, திரும்பவும் உருகியது. கிளடிஸ் உண்மையாகவே ரிக்கற் போட்டு அனுப்பிவிட்டாள். அல்பேட் அதை வாங்கி மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை சனிக்கிழமைக்கென்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை றெமிஜியஸ் அவருடைய பெட்டியைக் காரில் வைக்க வெளியே வந்தான். முதல்நாள் மழை கடைசிப் பனியையும் கழுவிக்கொண்டு போயிருந்தது. புல் செத்து, வைக்கோல் நிறத்தில் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. தெருவில் மரங்கள் எல்லாம் இன்னும் குச்சிதான். எங்கும் ஒரு பச்சை இல்லை.

முன்வளவில் மட்டும் இருந்தது.

பெட்டியை வைத்துவிட்டுக் கிட்டப் போனான். விரல் நீளத்தில், கொழுத்த, நீலம் பாய்ந்த பச்சைக் குழல்கள். ஒரு கொத்து. அதற்கு ஓரடி தள்ளி இன்னொரு கொத்து. அதற்கங்கால் இன்னொன்று. யாரோ கயிறு பிடித்து வைத்த மாதிரி ஒரே வரிசையில், முற்றத்துப் புல்லைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, வீட்டின் பக்கவாட்டு ஒழுங்கைக்குள் போயின. அவன் வரிசையின் பின்னாலேயே போனான். ஒழுங்கைச் சல்லிக் கல்லுகளுக்கிடையில் நின்றன. தண்ணீர்க் குழாயடியில் நின்றன. வளைவில் கொஞ்சம் விலகி, திரும்பவும் நேர்ப்பட்டு, பின்வளவுக்குள் இறங்கி, வேலிக்கரை வரைக்கும் வந்து நின்றன. அங்கே அல்பேட் அச்சில் வார்த்த பாத்தி மொட்டையாகக் கிடந்தது.

வேலி மூலையில் தலைநீட்டிக்கொண்டிருந்த ஒரு ஆணியில் கறுத்த பிளாஸ்ரிக் துண்டு ஒன்று காற்றில் படபடத்தது.

றெமிஜியஸ் வீட்டுப் பக்கம் திரும்பினான். "மாமா!" என்று கத்தினான். அந்த வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டு ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது. "மாமா, ஓடியாங்கோ!"

அல்பேட் பின்கதவால் வந்தார். ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது. "என்ன? ஆருக்கு என்ன?"

அவன் கையைக் காட்டினான்.

அவர் முதல் செடியைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். அங்கிருந்து கண் வரிசையோடு ஓடி ஒழுங்கைக்குள் மறைந்தது. பிறகு ஆணியில் கிடந்த பிளாஸ்ரிக்கைப் பார்த்தார்.

"பை கிழிஞ்சிருக்கு" என்றார்.

"ஓம் மாமா."

"நான் இழுத்துக்கொண்டு போன வழி."

"ஓம்."

அவர் குந்தினார். நாரிப்பிடிப்புக்காரர் நிலத்தில் முழங்காலை ஊன்றி, ஒரு குழலை இரண்டு விரலால் தடவினார். அதன் அடியில் விரலை விட்டு மண்ணைக் கிளறினார். மேல்மண் சேறு. விரல் கொஞ்சம் இறங்கவே கறகறவென்று தடுத்தது.

"ஐஸ்" என்றார். "தம்பி, அடியிலை இன்னும் ஐஸ் கிடக்கு. கையை வைச்சுப் பாரும்."

றெமிஜியஸ் பக்கத்தில் குந்தி விரலை வைத்தான். குளிர் எலும்புவரை ஏறியது. அந்தச் சேற்றுக்கும் ஐஸ் கட்டிக்கும் நடுவில் வெள்ளை நூலாக வேர்கள் இறங்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தன.

"ஐஸுக்குள்ளை போயிருக்கு" அல்பேட் குசுகுசுத்தார். "தை மாசம் நான் காலாலை அடிச்சுப் பாத்தன். இரும்பு மாதிரி... அப்பவும் உள்ளுக்கை இருந்திருக்கு. ஆரும் தண்ணி விடேல்லை. ஆரும் பாக்கேல்லை. யேசுவே."

அவர் எழும்பவில்லை. முழங்காலாலேயே அடுத்த செடிக்கு நகர்ந்தார். அதையும் தொட்டார். அடுத்தது. ஒழுங்கைக்குள் சல்லிக்கல் குத்தவும் எழுந்து, குனிந்தபடி நடந்தார். ஒன்றையும் விடவில்லை; ஒவ்வொன்றின் தலையிலும் கை வைத்து வைத்துப் போனார். வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. செபமோ கணக்கோ றெமிஜியஸுக்குக் கேட்கவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது மட்டும் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நிப்பார், பாருங்கோ. அவனும் ஒரு எட்டுப் பின்னால் போனான்.

கடைசிச் செடி ரோட்டுக்கரையில் நின்றது, சீமெந்து விளிம்போடு ஒட்டிக்கொண்டு, போகிற கார் எல்லாம் சேறு அடிக்க. அல்பேட் அதனடியில் நின்று நிமிர்ந்தார். காற்சட்டை, முழங்கால், கை எல்லாம் சேறு. ஒற்றைச் சப்பாத்து.

"காட்டிப்போட்டாள்" என்றார்.

ரோட்டுக்குத் திரும்பினார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்.

"செமெற்றி எந்தப் பக்கம்?"

றெமிஜியஸ் கிழக்கே கையைக் காட்டினான்.

"கனதூரமே?"

"காரிலை கிட்டத்தான் மாமா."

"அப்ப போவம்."

"மொன்றியல் பஸ் பத்துக்கெல்லே."

"பஸ் போகட்டும்."

றெமிஜியஸ் கடைசிச் செடியைப் பார்த்தான். "ஒண்டைக் கிண்டிக்கொண்டு போவமே? அங்கை வைக்க?"

அல்பேட் திடுக்கிட்டவர் மாதிரித் திரும்பினார். "விசரே உமக்கு? வேர் பிடிச்சதிலை கை வைக்கிறதே? உப்பிடியே நிக்கட்டும். ஆவணியிலை தலை முத்தும். அப்ப ஒரு தலை முறிச்சுக்கொண்டு போவம், நீரும் நானும். நான் வைக்கிறன்."

காருக்குள் ஏறினார். பெட்டி பின் சீற்றில் கிடந்தது. இரண்டு பேரும் அதை இறக்க நினைக்கவில்லை. றெமிஜியஸ் திறப்பைப் போட்டுத் திருகி, புல்லின் மேல் ஏறாமல், வரிசையைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் எடுத்தான்.

"தம்பி" என்றார் அல்பேட். சேற்றுக் கைகள் இரண்டையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தார். "கை கழுவேல்லை. பிள்ளையிட்டை இப்பிடிப் போகலாமோ?"

"போகலாம் மாமா" என்றான். "பேர்ணடெற்றும் கழுவுறேல்லை."